எலும்பொட்டி இலைக் கஷாயம்

நத்தையைக் கொல்ல எனக்கு மனம் வராது, சார்ஜென்ட். மற்றவர்கள் உப்பைத் தூவுவார்கள். நான் காலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பொறுக்கிப் போட்டு, சந்துக்கு அந்தப் பக்கம் காஞ்சொறிப் புதருக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவேன். இரண்டே நாளில் திரும்பி வந்துவிடும் என்று பெர்சி கேலி செய்வார். "உன் விருந்தாளிங்க உலாத்திட்டு வந்தாச்சு வின்னி, டீ போடு" என்பார். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். போன வாரம் நீங்களும் அடக்கத்துக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அதற்கு நன்றி.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சரிதான். ஏன் நின்றது என்பதை நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருந்தது பண்ணை வீடு. பெர்சி பண்ணையில் பால் கறக்கிறவரை அது எங்கள் வீடு, கறப்பது நின்றால் அதுவும் போயிற்று. இந்த மார்ச்சில் அவருக்கு அறுபத்தைந்து முடிந்தது. மேனேஜர் லத்தம் வந்து கை குலுக்கினார், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், ஜூன் இருபத்துநாலு மிட்சம்மர் நாளன்று சாவியைத் தந்துவிட வேண்டும் என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. "தொட்டிச் செடியெல்லாம் தாராளமா எடுத்துக்குங்க மிஸஸ் டக்கெட். மண்ணுல வேர் விட்டத மட்டும் விட்டுட்டுப் போயிடணும். அதுதான வழக்கம்" என்றார். வழக்கம் எனக்கும் தெரியும். வேர் விட்டது மண்ணுக்குச் சொந்தம், மண் பண்ணைக்குச் சொந்தம். என்னிடம் இருந்த தொட்டிகள் ஏழு.

நாங்கள் குடி வந்தபோது அங்கே தோட்டம் என்று எதுவும் கிடையாது. அடுப்புச் சாம்பலும் உடைந்த பாட்டிலும் கொட்டிக் கிடந்தன. கல்யாணமான இரண்டாம் வருஷம் குழந்தைக்கென்று ஒரு தள்ளுவண்டி வாங்கினோம். அது தேவைப்படாமல் போயிற்று. அடுத்த தடவையும் தேவைப்படவில்லை. சும்மா கிடக்கிறதே என்று அதில் தொழுவத்துச் சாணியை அள்ளிவந்து கொட்ட ஆரம்பித்தேன். ஊர்ப் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்களே வேலியோரம் வந்து ஆளுக்கொரு கிளை கேட்டு வாங்கிப் போனார்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற லாவெண்டரும் என் செடியிலிருந்து ஒடித்துக் கொடுத்ததுதான், உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். பூவுக்கு ஓரிடம், காய்க்கு ஓரிடம் என்று நான் பிரித்ததே இல்லை. அதெல்லாம் பங்களாக்காரர்கள் வேலை. என் முட்டைக்கோஸுக்குப் பக்கத்திலேயே லூபின் நிற்கும், வெங்காயத்தை ஒட்டி தைம் படரும், கதவுக்கு மேலே வெள்ளை ரோஜா ஏறியிருக்கும். ஜூன் மாதம் அந்தச் செங்கல் பாதையில் நடந்தால் பாவாடை இரண்டு பக்கமும் நனையும். உலகத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பெர்சிக்குப் போவதில் வருத்தமே இல்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. நாற்பது வருஷமாக நாலு மணிக்கு எழுந்த உடம்பு. அவருடைய தங்கை ஐவி வெஸ்டனில் கடற்கரைத் தெருவில் இருக்கிறாள். மாடியில் இரண்டு அறை தருவதாக எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"கொழாயத் திருப்பினா வெந்நீர் வருதாம் வின்னி. கடலப் பாத்துக்கிட்டே சவரம் பண்ணலாம்."

"அங்க மண்ணு இருக்கா?" என்று கேட்டேன்.

"ஜன்னல்ல ஒரு பெட்டி வெச்சுக்கலாம்னு ஐவி சொல்றா. நல்ல நீளமான பெட்டியாம்."

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கைகளை விரித்து நீளத்தைக் காட்டினார். பாவம், நல்ல மனதோடுதான் காட்டினார்.

முதல் தடவை நடந்தது தவறு, சார்ஜென்ட். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பால் கறப்பவர்களுக்கு முழங்கால் தேய்ந்துவிடும். வருஷா வருஷம் மே மாதம் நான் அவருக்கு எலும்பொட்டி இலையில் கஷாயம் வைத்துத் தருவேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். தெற்குச் சுவரோரம் அது புதராக வளர்ந்திருக்கிறது. அதற்குள்ளே இந்த வருஷம் விரலுறைப் பூச்செடி, இதயத்தையே நிறுத்திவிடுகிற விஷச் செடி, தானாக முளைத்திருந்தது. பூத்த செடியைச் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும், பூவுக்குள் விரலை விட்டு விளையாடாத குழந்தை இந்த ஊரில் இல்லை. ஆனால் முளைத்த முதல் வருஷம் அது பூக்காது. வெறும் இலைதான், தரையோடு விரிந்து, சொரசொரவென்று, பார்ப்பதற்கு எலும்பொட்டி மாதிரியே இருக்கும். நான் கண்ணாடி போடாமல் பறித்துவிட்டேன்.

அன்று மதியத்திலிருந்து அவருக்கு வாந்தி. நாடி விட்டு விட்டு அடித்தது. நாற்காலியில் சாய்ந்தபடி ஜன்னலைக் காட்டி, "வெள்ளை ரோஜா ஏன் வின்னி மஞ்சளா தெரியுது?" என்றார். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் ஓடினேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டரிடம் சொல்லிவிடத்தான் கிளம்பினேன்.

அந்த நேரம் பார்த்து லத்தம் வந்தார். புதிய ஆளுக்காக வீட்டை அளக்க வந்தவர், பெர்சி கிடந்த கிடையைப் பார்த்து அளவு நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நோயாளியத் தூக்கி வெளியில போடுற பழக்கம் எங்களுக்கு இல்ல மிஸஸ் டக்கெட். குணமாகட்டும். ஆகலைன்னா செப்டம்பர் கடைசிக் கெடு வரைக்கும் இருங்க, புது ஆளுக்கு வேற ஏற்பாடு பண்றேன்" என்றார்.

செப்டம்பர் என்றால் பீன்ஸ், தக்காளி, டேலியா, ஆப்பிள். ஒரு முழுக் கோடை. டாக்டர் வந்தபோது, வயிற்றுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நாலைந்து நாளில் பெர்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். உழைத்த உடம்பு அல்லவா. பிரயாணம் செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவர் தன் பெட்டியை இறக்கித் துடைத்தார், நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார், வேனுக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டார். சுவிட்சர்லாந்துக்குப் போகிறவர் மாதிரி ஒரு துள்ளல். ஸ்வீட் பீ கொடியில் அன்றைக்குத்தான் முதல் மொட்டு வந்திருந்தது. அதைக் காட்டக் கூப்பிட்டேன். "அப்புறம் பாக்கறேன்" என்றார்.

இரண்டாம் தடவை நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பறித்தேன்.

அளவாகத்தான் கொடுத்தேன். லத்தம் வருகிற நாளைக்கு முந்தின நாள், டாக்டர் வருகிற நாளைக்கு முந்தின நாள், அவ்வளவுதான். இடையில் அவருக்கு நல்ல சூப்பும் மிருதுவான ரொட்டியும் கொடுத்தேன், துணியை மாற்றினேன், முதுகைத் துடைத்துவிட்டேன். நர்ஸ் ஆல்வென் என்னைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி யாரு பாத்துக்குவா? குடுத்து வெச்ச மனுஷன்" என்று சொல்லிப் போனாள். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, சொந்த வீட்டில் இருக்கத்தான் ஆசைப்படுகிறார் என்று நான் சொன்னேன். பெர்சிக்கு அப்போது பேசுகிற தெம்பு இல்லை.

ஒரே ஒரு தடவை கேட்டார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போன வருஷம் இப்படிக் கசக்கலையே வின்னி" என்றார்.

"மழை கம்மி. அதான் இலை கசக்குது."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மிச்சத்தையும் குடித்தார்.

அந்த வார்த்தை எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று வெளியே வந்து களை பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்கக் கொஞ்சம் ஆறியது.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணி இருக்கும். நான் லீக் நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. "வின்னி" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டார், மெதுவாக. கையில் இருபது நாற்று இருந்தது, வேரெல்லாம் வெளியே. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிடுங்கிய நாற்று காத்திருக்காது, மனிதர் காத்திருப்பார் என்று நினைத்தேன். வரிசையை நட்டு முடித்து, தண்ணீர் ஊற்றி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தார். ஒரு காலில் ஷூ போட்டிருந்தார். இன்னொரு ஷூ கையில் இருந்தது.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள், உட்கார்ந்திருக்கிற கிளையை யாராவது வெட்டுவார்களா? நோயாளியின் மனைவிக்குத்தான் பண்ணை இரக்கம் காட்டும். விதவைக்கு அங்கே என்ன வேலை? எனக்கு அவர் உயிரோடு வேண்டியிருந்தது. கொஞ்சம் முடியாமல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதில் எங்கே வஞ்சம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே லத்தம் வந்தார். ரொம்ப வருத்தம் என்றார். பழைய கெடுவே இருக்கட்டும் என்றார். புதிதாக வருகிறவனுக்குத் தோட்டத்தில் நாட்டம் இல்லையாம். "எல்லாத்தையும் பிடுங்கிட்டுக் கோழிக் கொட்டகை போடப்போறான். முட்டை வியாபாரத்துல கெட்டிக்காரனாம்" என்று, எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்பது போலச் சொன்னார். நேற்றே முளைக் குச்சிகளும் கயிறும் வந்து இறங்கிவிட்டன. ஒரு குச்சியை என் பியோனிச் செடியின் நடு நெஞ்சில் அடித்திருக்கிறார்கள். நாளை மிட்சம்மர் நாள், மண்வெட்டியோடு ஆள் வருகிறது. நேற்று முழுக்க அந்தப் பாதையில் நடந்து நடந்து பார்த்தேன். யாரிடம் போய் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று தெரியவில்லை. கடைசியில்தான் உங்கள் நினைவு வந்தது.

கேட்டதும் கேட்காததும் எல்லாம் சொல்லிவிட்டேன். விரலுறைச் செடியின் இலையை நான் பறித்தேன், நான் காய்ச்சினேன், நான் கொடுத்தேன், நாலு தடவை. முதல் தடவை தவிர மற்றதெல்லாம் தெரிந்தே கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். தூக்கு என்றாலும் சரி.

நான் கேட்பது ஒன்றுதான். செடி முளைத்த இடம் என்பதால் அந்தத் தோட்டம் முழுக்கச் சாட்சி ஆகிவிடும் இல்லையா? சுற்றிக் கயிறு கட்டி, வழக்கு முடிகிறவரை ஒரு இலையைக்கூட யாரும் தொடக் கூடாது என்று இன்றைக்கே உத்தரவு போட்டுவிடுவீர்கள் இல்லையா? வழக்கு என்றால் செப்டம்பர் வரையாவது இழுக்கும் என்று சொல்கிறார்கள். பீன்ஸ் இப்போதுதான் கொம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே காவலுக்கு நிறுத்துகிற ஆள் மட்டும், தயவுசெய்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவராக இருக்கட்டும்.