மதியத்துக்கு மேல் விலை ஏறியது

ஏசியைக் குறைக்க வேண்டாம், ஐயா. எனக்குக் குளிர் பழக்கம்தான். குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு இந்த அறையெல்லாம் வெயில் காலம். நீங்கள் வேண்டுமானால் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

இறந்தவன் என் சகலை, என் மனைவியின் தங்கை புருஷன். கிடங்கில் அவனைச் சரக்கு சரிபார்க்கும் வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். பங்குச் சந்தை என்று ஒன்று இருக்கிறது, போனிலேயே வாங்கலாம் விற்கலாம் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஆள் நான். என்னைவிடக் கொஞ்சம் குறைவாக நன்றாக இருந்திருந்தால் போதும், அவ்வளவுதான்.

எனக்கு வியாபாரம் என்றால் கூடவே இருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, லாரி வந்து நின்றாலும் ஒரு கண் விலையில்தான் இருக்கும். ஏறினால் இன்னும் ஏறட்டும் என்பேன். இறங்கினால், இறங்கியது ஏறாமலா போய்விடும் என்பேன். அப்படியே என் மனைவியின் வளையல்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டு இறங்கின. அவை மட்டும் திரும்ப ஏறவில்லை.

அவன் வேறு மாதிரி. விடியும் முன் எழுந்து, சமையலறை மேஜையில் டீயோடு உட்கார்ந்து, அன்றைக்கு எதை வாங்குவது என்று பார்த்து வைப்பான். ஒரு நாளைக்கு ஒரே வியாபாரம். வேலைக்கு வந்து, உடை மாற்றும் அறையில் நின்றபடியே போனில் ஏதோ தட்டுவான். ஷிப்ட் மணி அடித்ததும் போன் லாக்கருக்குள் போய்விடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் திறப்பான். ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் போன். பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்துவிடுவான். முகத்தில் லாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது. ஆக, மதியம்தான் அவன் விற்கிறான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பார்ப்பவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான்.

அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சேர்ந்தது. முன்பெல்லாம் மாமனார் வீட்டில் "பெரிய மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்றுதான் எந்தப் பேச்சும் ஆரம்பிக்கும். பிறகு "சின்ன மாப்பிள்ளைகிட்ட கேட்டீங்களா?" என்று முடிய ஆரம்பித்தது. நான் உட்காரும் நாற்காலி அதேதான், யாரும் எடுத்துவிடவில்லை. என் பக்கம் திரும்பும் முகங்கள்தான் குறைந்துபோயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அங்கே சாப்பிட்டோம். எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாய், வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிறாயே என்று மாமனார் அவனைக் கேட்டார். அவன் ஏதோ விளக்கினான். நான் கேட்கவில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் பேசும்போது அவள் பாத்திரம் எடுத்து வைப்பாள்.

அந்த வாரமே எனக்கு இன்னொன்று தெரிய வந்தது. என் மனைவி தன் சேமிப்பை அவனிடம் கொடுத்து வைத்திருந்தாள். நான் கேட்டபோது மறைக்கவில்லை.

"உங்ககிட்ட குடுத்தா திரும்பி வராதுங்க. தம்பிகிட்ட இருந்தா தூக்கம் வருது," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

காரணம் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வார்த்தைக்கு வெட்கப்படும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. ஆனால் அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரே ஒரு நாள் அவன் தோற்க வேண்டும், அதை என் மனைவி பார்க்க வேண்டும். அவள் பணமும் அதில் போகுமே என்கிறீர்களா? போகட்டும் என்றுதான் நினைத்தேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே சந்தை சரிந்தது. எதைத் தொட்டாலும் இறக்கம். மதியத்துக்குள் என்னிடம் மிச்சமிருந்ததில் பெரும்பாதி கரைந்துவிட்டது. தாங்காமல் எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்தேன். அப்போது என் அறைக் கண்ணாடிக்கு வெளியே அவன் போய்க்கொண்டிருந்தான், விசிலடித்தபடி. இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும். லாக்கரைத் திறப்பான், விற்பான், பாதி நஷ்டத்தோடு தப்பித்துக்கொள்வான். நான் மட்டும் முழுதாக மூழ்கியவன். இது நியாயமா, சொல்லுங்கள்.

அவனைக் கூப்பிட்டு, சரக்கை உறைய வைக்கும் அறைகளில் கடைசி அறையில் பட்டாணி மூட்டைகளின் கணக்கு இடிக்கிறது, ஒரு தடவை பார்த்துவிடு என்றேன். அந்த அறையில் பழைய சரக்குதான். அன்றைக்கு அதை வேறு யாரும் திறக்க வேண்டியிருக்காது.

"இப்பவேவா அண்ணா? சாப்பிட்டுட்டுப் போகட்டுமா?"

"சின்ன வேலைதாம்பா. முடிச்சுட்டு வந்து நிம்மதியாச் சாப்பிடு."

சரி என்று போனான். நான் சொன்னதை அவன் எப்போதுமே மறுத்ததில்லை. அதுவும் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. உறை அறைக்குள் போகிறவன் தன் பெயர் எழுதிய வில்லையைக் கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கொக்கியில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் தாழிடக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் வில்லையைக் கழற்றி, வெளியே இருப்பவர்களுக்கான பலகையில் மாட்டினேன். பிறகு தாழிட்டேன். கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு குமிழ் உண்டு. அந்த அறையில் அது பனி பிடித்து இறுகிப் போயிருந்தது. பழுது பார்க்கச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொல்லவில்லை என்பது வேறு விஷயம், அது உண்மையிலேயே மறதி.

சந்தை மூடியதும் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று ஒரு பொய் போதும். கொஞ்சம் விறைத்துப் போவான், சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். டீ வாங்கச் சில்லறைகூட எடுத்து வைத்திருந்தேன்.

உள்ளே ஆபத்து மணி உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை அழுத்தினால் என் அறையில்தான் அடிக்கும். அடித்தது. அவன் நிதானமானவன், விட்டு விட்டுத்தான் அழுத்தினான். என்னால் போனில் கவனம் செலுத்த முடியவில்லை. மணியின் கம்பியைக் கழற்றி வைத்தேன்.

அவன் மனைவி போன் செய்தாள். "மாமா, அவர் சாப்பாட்டு நேரத்துல பேசுவாரே, இன்னிக்குப் பேசலையே?" என்றாள். லாரி வந்திருக்கிறது, வேலை அதிகம், நீ கவலைப்படாதே அம்மா என்றேன்.

பிறகுதான் அது நடந்தது. மதியத்துக்கு மேல் விலை ஏறியது, ஐயா. விழுந்ததெல்லாம் எழுந்தது, காலையில் இருந்ததையும் தாண்டியது. நான் பயந்து விற்றவை என் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டு போயின. அவனோ விற்க முடியாமல் உள்ளே இருக்கிறான். அப்படியென்றால் அவன் பங்குகளும் ஏறியிருக்கும். நான் பூட்டி வைத்ததாலேயே அவன் ஜெயித்துவிட்டான். கதவைத் திறந்தால் வெளியே வந்து, லாக்கரைத் திறந்து, அதே மாதிரி தலையை ஆட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் அதைச் சொல்வான். என் மனைவி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

சந்தை மூடிய பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லாரும் போனார்கள். நானும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவனைக் காணோம் என்று அவன் மனைவி வந்து நின்றபோது, அவளோடு நானும் தேடப் போனேன். அவள் அழுதாள், தைரியம் சொன்னேன். மறுநாள் காலை கதவைத் திறந்தவனும் நான்தான். மூட்டைகளை அடுக்கி நடுவில் உட்கார்ந்திருந்தான். கணக்குச் சீட்டைப் பூர்த்தி செய்திருந்தான். கணக்கு இடிக்கவில்லை.

அவன் போனை நேற்று நீங்கள் என் மனைவி முன்னால்தானே திறந்து காட்டினீர்கள். அவன் பங்குகள் முற்பகலிலேயே விற்றுப் போயிருந்தன. நான் அவனை உள்ளே அனுப்பும் முன்பே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவிதான் சொன்னாள், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கு அப்பா கேட்டப்ப தம்பி சொன்னாரே. இந்த விலைக்குக் கீழ போனா தானா வித்துடும்னு காலையிலயே போட்டு வெச்சுடுவேன், நான் பக்கத்துல இருக்கவே வேண்டாம்னு. நீங்களும் அங்கதான உட்கார்ந்திருந்தீங்க."

இருந்தேன். கேட்கவில்லை. முதல் சரிவிலேயே அவன் வெளியே வந்துவிட்டிருக்கிறான். மதியத்துக்கு மேல் ஏறியதில் அவனுக்கு ஒரு காசு இல்லை. அவள் சேமிப்பும் கொஞ்சம் கடிபட்டதோடு அப்படியே இருக்கிறதாம்.

எல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் சரியாகப் பதிவாக வேண்டும், ஏனென்றால் வெளியில் எல்லாரும் அவனைத்தான் பாவம் என்கிறார்கள். அன்றைக்கு இருவருக்குமே நஷ்டம்தான், ஐயா. அவனுக்குக் கொஞ்சம்தான் போயிற்று. எனக்குத்தான் அதிகம்.