ஊசிக்கடியில் கை விடாதே

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும். நம் ரூம் வேல்விழி இன்று ஹாஸ்டலில் இருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். இது அவள் அண்ணனுக்கு நடந்தது.

மாலை ஆறே முக்கால். ஐப்பசி இருட்டு. சாமளாபுரத்துக்கு வெளியே ஒரு மண்பாதை… விளக்கு கிடையாது. ஜெயபாண்டி தனியாக வண்டியில் போனான். பாதை முடியும் இடத்தில் எம்பிராய்டரி ஷெட். பதினெட்டு வருடமாக மூடிக் கிடந்தது.

உள்ளே பன்னிரண்டு தலை மிஷின்; ஒரே டிசைனைப் பன்னிரண்டு துணியில் ஒன்றாகத் தைக்கும். பிளாப்பியில் டிசைன் ஏற்றிய காலத்தது. "ஓட வெச்சுட்டீன்னா ஆபரேட்டர் வேலை உனக்கு. இல்லீன்னா எடைக்குப் போட்டர்றேன்" என்றிருந்தார் புது முதலாளி. ஆறு மாதமாக வேலையில்லாதவன். போனான்.

வாட்ச்மேன் கன்னையன் கதவைத் திறந்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்.

மிஷின் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஓரங்களில் மட்டும் பென்சில் தமிழ். 'பிளாப்பியைத் துடைத்துப் போடு.' 'நூல் அறுந்தால் நிறுத்து.' ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'ஊசிக்கடியில் கை விடாதே.'

"யாருண்ணே எழுதுனது?"

"மருதாள்னு ஒரு புள்ள, கண்ணு. எட்டாவதுதான். டிக்சனரிய வெச்சுப் படிச்சுப் படிச்சு எழுதும்… தீப்புடிச்சன்னைக்கு மத்தவங்க கூரையப் பிரிச்சு வந்துட்டாங்க. அது மட்டும்…"

ஷிப்டு முடியாமல் யாரும் போகக் கூடாதென்று வெளியே பூட்டியிருந்தார்கள். பேப்பரில் மின்கசிவு என்று வந்தது. பூட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

துணி மாட்டி, பூ டிசைன் பிளாப்பியைச் செருகினான். கர்… கர்… டக். கருகிய நூல் வாடை. பன்னிரண்டு ஊசியும் ஒன்றாக இறங்கின. வேலை கிடைத்துவிட்டதென்று சிரித்தானாம்.

வந்தது பூ இல்லை. எழுத்து. பன்னிரண்டு துணியிலும் ஒரே சொல்.

கைவிடாதே.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். பிறகுதான் பார்த்தான்… 'கை'க்கும் 'விடாதே'க்கும் நடுவில் இடைவெளி இல்லை. புத்தகத்தில் இருந்தது எச்சரிக்கை. இது கெஞ்சல்.

முதுகுக்குப் பின்னால், வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

நான்கு பேர் தள்ளி, கதவு திறக்க ஒரு மணி நேரம். "நான் சாத்தலீங்க. தீக்கப்புறம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே வெக்கலீங்களே" என்று கன்னையன் அழுதார்.

உயிரோடுதான் இருந்தான். வேலையும் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. போன வாரம் வேல்விழி ஷெட்டுக்கே கூப்பிடப் போனாள். வலது கையால் நூல் கோத்துக்கொண்டிருந்தானாம். இடது கை பாதி மூடியபடி, பக்கத்தில் தொங்கியது.

"வாண்ணே, போவோம்."

"எப்படி பாப்பா வர? புடிச்ச கைய விடமாட்டேங்கிறாளே."