மொட்டைமாடித் தண்ணி

— அது எறும்பு மருந்தா இருக்கும், அஸ்ரின் டீச்சர். இதுக்குப் போயி ஞாயித்துக்கெழம அதுவுமா கள்ளக்குறிச்சியிலருந்து பஸ்ஸு புடிச்சி எங்க வூட்டுக்கு வரணுமா?

— எறும்பு மருந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், தலைவரே? பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில வெள்ளையா படிஞ்சிருக்குதுன்னு மட்டுந்தான நான் சொன்னேன்.

— சொல்றன் கேளுங்க. லீவுல என் மக்காச்சோளத்த அங்கதான் காயப்போட்டேன். எட்மாஸ்டர கேட்டுட்டுத்தான் போட்டேன். வண்டு வச்சிது, லேசா தூவினேன். இதுல ஒளிக்கறதுக்கு இன்னா இருக்குது?

— வர்ற வழியில மாடி ஏறிப் பாத்தேன், மூலையில கிழிஞ்ச கவரு கெடந்துச்சு. விஷம்னு செவப்புல போட்ட கவரு. அது எறும்பு மருந்து இல்ல, வயல்ல அடிக்கறது. நேத்து பேஞ்ச மழையில கரைஞ்சதெல்லாம் கொழாய் வழியா புதுத் தொட்டிக்குள்ள எறங்கிடுச்சு.

— மழைத் தண்ணிய சேக்கணும்னு கொழாய் போடச் சொன்னது நீங்கதான?

— நாந்தான் சொன்னேன். மொத மழைய வெளிய உட்டுடணும், மாடிய கழுவிட்டு அப்புறந்தான் தொட்டிக்குத் திருப்பணும்னும் சொன்னேன். வெளிய போற கொழாய யாரு மூடினது?

— நாந்தான். ஊர்ப் பொம்பளைங்க கொடத்தத் தூக்கினு அலையறாளுங்க. வானம் குடுத்த தண்ணிய சாக்கடையில உடுன்னா எவன் உடுவான்? மரம் நடறது, குப்பை பிரிக்கறது எல்லாம் உங்க படிப்பு, நான் குறுக்க வரல. தண்ணி இல்லாத கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும்.

— நாளைக்குப் புள்ளைங்க அதத்தான் குடிக்கும். சத்துணவும் அதுலதான் ஆக்குவாங்க. எனக்கு பயமா இருக்குது, தலைவரே. தொட்டிச் சாவி உங்ககிட்டதான இருக்குது? குடுங்க, நானே தொறந்து உட்டுடறேன்.

— நாளைக்குத்தான் பசுமைப் பள்ளின்னு பாக்கறதுக்கு ஆபீசருங்க வராங்க. ஒரு வருசமா நாயா அலைஞ்சி கட்டின தொட்டி. பிடிஏ தலைவர்னு நான் மாலையப் போட்டுனு நிக்கும்போது காலித் தொட்டியவா காட்டறது?

— வர்றவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். மாடியப் பாக்காம கொழாய் மாட்டினது என் தப்புன்னே சொல்றேன். உங்க பேர எடுக்கவே மாட்டேன். சாவியக் குடுங்க.

— சாயங்காலம் பேசிக்கலாம். பம்பைச் சத்தம் கேக்குதா? ஆத்தா கோயில்ல கூழ் ஊத்தறாங்க. நானும் போவணும்.

— அந்தக் கூழு எந்தத் தண்ணியில காய்ச்சினது?

— நேரமாச்சு டீச்சர், நான் கெளம்பணும்.

— தலைவரே, உங்களத்தான் கேக்கறேன்.

— புதுத் தொட்டியோட மொதத் தண்ணி ஆத்தாளுக்குன்னு ஊர்க் கூட்டத்துல வாக்கு குடுத்துட்டேன். காத்தால கொடம் கொடமா போச்சு.

— யா அல்லா. எழுந்திரிங்க, வாங்க. இப்பவே போயி நிறுத்தலாம்.

— உக்காருங்க, டீச்சர். சொல்றன் கேளுங்க. பாய் வூட்டுப் பொண்ணு வந்து ஆத்தா கூழ கீழ ஊத்துன்னா இந்த ஊரு சும்மா இருக்குமா? அப்புறம் நீங்க இங்க பாடம் நடத்த முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— அதனாலதான் உங்களக் கூப்புடறேன். நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. வரிசையில நிக்கறதுல பாதி என் கிளாஸ் புள்ளைங்க, தலைவரே. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்.

— எதுக்கு இப்படிப் பதறுறீங்க? ஒரு கைப்புடி மருந்து, அம்மாம்பெரிய தொட்டி. அதுலயும் கொதிக்க வச்சாச்சு, முறிஞ்சி பூடும். நானே காத்தால ரெண்டு சொம்பு கூழு குடிச்சேன். எம் பொண்டாட்டி குடிச்சா, பேரப்புள்ள குடிச்சிது. இதோ குத்துக்கல்லாட்டம் உங்க எதிர்ல உக்காந்துக்கினு இருக்கேன்.

— நெசமாவே குடிச்சீங்களா?

— ஆத்தா மேல சத்தியமா குடிச்சேன். விஷம்னா எனக்குத்தான மொதல்ல தலை சுத்தணும்? நம்பிக்கை இல்லன்னா எம் பொண்டாட்டியவே கேளுங்க. ஏ கொளஞ்சி, இங்க வா. காத்தால நாம எல்லாரும் கூழு குடிச்சமா இல்லையா, டீச்சருக்குச் சொல்லு.

— குடிச்சமே. இந்தா டீச்சரு, உனக்கும் ஒரு சொம்பு எடுத்தாந்தேன், வாங்கிக்கோ. கோயில்ல ஊத்தறது இல்ல இது, வூட்லயே தனியா காய்ச்சினது. தொட்டித் தண்ணி நம்ம வூட்டுக்கு மட்டும் வேணாம்னு, காத்தால எழுந்து ரிஷிவந்தியம் போயி இவுருதாம்மா கேன் தண்ணி வாங்கியாந்து குடுத்தாரு.