ஆறாவது சிலிண்டரின் விளிம்பு

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. வயது ஐம்பத்து மூன்று. லாரி இஞ்சின் பிரித்துக் கோர்ப்பது தொழில். பட்டறைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறேன். அளக்காமல் எதையும் பூட்டமாட்டேன் என்பதால் என்னை அளவுக்காரர் என்பார்கள். என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர். சொந்த லாரி ஓட்டுகிறார். அவருக்கும் எனக்கும் ஆகாது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சென்ற மாதம் பத்தாம் தேதி திங்கட்கிழமை காலை அவர் லாரியைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். இருபத்தாறு வருடத்து வண்டி. புகை தள்ளியது, ஆயில் குடித்தது. நான் இஞ்சினைப் பிரித்து ஆறு சிலிண்டர்களின் உள்சுவரையும் அளந்தேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஏறி இறங்கும் இடமெல்லாம் தேய்ந்து, ரிங் எட்டாத மேல்வாயில் மட்டும் தேயாத விளிம்பு நின்றது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. ஆறாவதில் நகமே பெயர்ந்துவிடும்போல் இருந்தது. அதன் பிறகு அவரை அழைத்து, சிலிண்டர்களைக் கடைந்து புது பிஸ்டன் போடவேண்டும், ஆறாவதற்கு உள்ளே புதுக் குழாயாக ஸ்லீவ் இறக்கவேண்டும் என்று சொன்னேன். அதற்கு அவர், "மச்சான், நீங்க எதைத் தொட்டாலும் தேஞ்சுபோச்சும்பீங்க. ரிங்கை மட்டும் மாத்திப் பூட்டுங்க, ஞாயித்துக்கிழமை லோடு இருக்கு" என்றார்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எதிரே அதன் அளவைச் சாக்பீஸால் எழுதுவேன். வண்டிக்காரர் ஒவ்வொன்றாகப் படித்துத் தன் கையால் துடைக்கவேண்டும். துடைத்தால் தெரிந்துகொண்டார் என்று அர்த்தம். அதன் பிறகுதான் பூட்டுவேன். இவர் படிக்கவில்லை. அழுக்குத் துணியை எடுத்து ஆறையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, அங்கே நின்ற இரண்டு டிரைவர்களிடம், "இவரு அளந்து அளந்தே ஆளைக் கொன்னுடுவாரு" என்றார். அவர்கள் சிரித்தார்கள்.

பழைய சுவரிலேயே புது ரிங் போடுவதானால் அந்த விளிம்பைச் சீவி எடுத்தாகவேண்டும். இல்லாவிட்டால் மேல் ரிங் அதில் மோதி உடையும், துண்டு சுவரைக் கீறும், பிஸ்டன் அசையாமல் பிடித்துக்கொள்ளும். இது தெரியாதவன் இந்தத் தொழிலில் இல்லை. செவ்வாயும் புதனும் ஐந்து சிலிண்டர்களில் விளிம்பைச் சீவினேன். ஆறாவதற்கு வந்தபோது அவர் மறுபடி வந்து, "இன்னும் சொரண்டிக்கிட்டா இருக்கீங்க? வேற எவன்கிட்டயாவது விட்டிருந்தா இந்நேரம் வண்டி ஓடியிருக்கும்" என்றார். நான் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆறாவதை அப்படியே பூட்டினேன். எங்காவது நடுரோட்டில் நின்று தலையில் கைவைத்து உட்காரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் வண்டியை எடுக்க வந்தார். கூடவே என் தங்கையும் வந்தாள். மகளைப் பார்க்க அதே வண்டியில் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்து, "அண்ணே, வண்டி நல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "உங்கண்ணன் வாயில நல்லா இருக்குன்னு வந்துட்டா மழைதான் கொட்டும்" என்றார். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்கு, போயிட்டு வா" என்றேன். அவள் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நான்தான் தள்ளிச் சாத்தினேன்.

அதன் பிறகு பதினொரு மணி வாக்கில், ஈரச் சாலையில் மேட்டிலிருந்து இறங்கும்போது இஞ்சின் பிடித்து, பின்சக்கரங்கள் நின்று, லாரி வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. மோதியது என் தங்கை பக்கம். அவளுடைய ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு நெற்றியில் இரண்டு தையல்.

வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் புகாரில் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்றுதான் உண்மை, பாக்கியெல்லாம் புளுகு. நேற்று ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது என் தங்கை, "அண்ணன் அப்படிச் செய்யறவரு இல்லைங்க, மறந்திருப்பாரு" என்று சொன்னதாக ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். நானும் அதையே சொன்னால் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொல்கிறார்.

நான் மறக்கவில்லை.

இதை யாரும் மிரட்டாமல் நானாகச் சொன்னேன். வாசிக்கக் கேட்டேன். அடித்தல் திருத்தல் எதுவும் வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)