கொட்டகைக்குள் கொடைக்கானல்

முதலில் மோரைக் குடியுங்கள் சார், வண்டி எங்கும் ஓடிவிடாது. ஓடாமல் இருப்பதுதான் அதன் விசேஷமே.

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிச் சேர்க்கிறவர் நீங்கள். மெட்ராஸில் இருந்து இவ்வளவு தூரம் வந்து, “முப்பத்தாறாம் வருஷத்து வண்டி, சைடுகாரோடு, நேற்றுப் பெட்டி பிரித்த மாதிரி இருக்கிறதே, எப்படி?” என்று கேட்கிறீர்கள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

நான் பூட்டுச் செய்கிறவன். நாற்பத்தேழில், ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரின் சாமான்களைத் திண்டுக்கல்லில் ஏலம் விட்டார்கள். நாற்காலி எடுக்கப் போனவன் இதை எடுத்துக்கொண்டு வந்தேன். மலை மலையாய் ஏறி ஊர் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி. நான் ஓட்டியது அங்கிருந்து இந்தக் கிராமம் வரை ஏழு மைல். வழியில் ஒரு சரளைக்கல் தெறித்து மட்கார்டில் மிளகளவு பெயின்ட் போயிற்று. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பா செத்த அன்றுகூடச் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டேன்.

அதற்காக நாங்கள் ஊர் சுற்றவில்லை என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கொட்டகைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிடுவேன். இன்ஜின் சத்தம் என் வாயிலிருந்து வரும். என் மனைவி இஞ்ஞாசியம்மாள் சைடுகாரில்.

“இன்னைக்கு எங்கனங்க போறோம்?”

“பழனி ரோடு. இந்தா, ஆயக்குடி வந்துருச்சு. கொய்யாப்பழம் வாங்குறியா?”

“செத்த மெதுவாப் போங்க. அடுப்புல கொழம்பு கெடக்கு, கிண்டிவிட்டுட்டு வாரேன்.”

ஓடுகிற வண்டியில் இருந்து இறங்கிப் போய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வந்து ஏறிக்கொள்வாள். இப்படி ஒரே காலையில் கொடைக்கானல் போய்க் குளிரில் நடுங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். அடுத்த வீட்டுப் பவுல்ராஜ் சன்னலில் தலையை நீட்டி, “ராயப்பண்ணே, வத்தலக்குண்டுல என்னைய எறக்கிவிட்ருங்க” என்பான். அவன் பெண்டாட்டி சகாயசெல்வி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நல்ல பெண்.

கொட்டகைக் கதவுக்கு இரும்புப் பட்டை அடித்து, நானே ஒரு பூட்டுச் செய்து மாட்டினேன். எங்கள் பக்கத்துப் பூட்டில் ஒரு வித்தை உண்டு. வேறு சாவியைப் போட்டுத் திருப்பினால் பூட்டு அதைக் கவ்விக்கொள்ளும். அதை உருவவும் முடியாது, சரியான சாவியை நுழைக்கவும் இடம் இராது. செய்தவனே அரத்தை எடுத்துக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும்.

ஐம்பத்தேழு ஐப்பசி. மூன்று நாள் மழை விட்ட ஒரு மத்தியானம் பவுல்ராஜ் ஓடி வந்தான்.

“அண்ணே, புள்ள குறுக்க கெடக்காம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்னு மருத்துவச்சி சொல்லுது. வண்டிய எடுங்கண்ணே.”

“எடுத்துருவோம்டா. அழுவாத.”

சொல்லும்போது எடுக்கத்தான் நினைத்தேன். மாதம் ஒரு தடவை உதைத்துப் பார்த்து வைத்த வண்டி, கிளம்பியிருக்கும். ஆனால் கொட்டகைக்கு இருபது அடி நடக்க வேண்டும். நடக்கும்போது ரோடு கண்ணில் பட்டது. கணுக்கால் ஆழத்துக்குச் செஞ்சேறு. சகாயசெல்வியைச் சேலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேலை நனைந்திருந்தது. மழைதான் விட்டுவிட்டதே. இந்தச் சைடுகார் சீட்டைத் தொட்டுப் பாருங்கள் சார். அசல் தோல். அந்த மாதிரிக் கறை பட்டால் போகவே போகாது.

என் அரைஞாணில் இரண்டு சாவிகள். ஒன்று கொட்டகைக்கு, ஒன்று பட்டறைக்கு. பட்டறைச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். நறுக்கென்று கவ்வியது.

“ஐயோ, அவசரத்துல சாவிய மாத்திப் போட்டுட்டனே” என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். பவுல்ராஜ் கடப்பாரை கொண்டுவந்து கால் மணி நேரம் நெம்பினான். பூட்டு அசைந்துகொடுக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு மாட்டு வண்டி கட்டினார்கள். வைக்கோல் பரப்பியது நான்தான், மெத்தென்று இருக்கட்டும் என்று நிறையவே பரப்பினேன். மூன்றாவது மைலில் அவளுக்கு முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்ததற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்றாம்.

“கண்ணக் கட்டிவிட்டாக்கூடச் சாவிய மாத்திப் போடாத ஆளாச்சே நீங்க” என்று இஞ்ஞாசியம்மாள் மட்டும் சொன்னாள். என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கும் வருவதில்லை. முழங்கால் வலி என்று நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் பவுல்ராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தேன். “விடுங்கண்ணே, நீங்க என்ன வேணும்னா செஞ்சீக?” என்றான்.

வேண்டுமென்றுதான் செய்தேன், சார். கை தவறவில்லை. ஒரு சீட்டுக்காக இரண்டு உயிரைக் கொன்றேன். அதை அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு நிற்கிறவனை மேலும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை. நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.