மணிக்கூண்டைப் பார்க்காத ஊர்

பயிற்சி, பயிற்சி என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நிறுத்திவிட்டு, நூலகர்களான உங்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சின்னக் கதைதான்... டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

அவர் பெயர் அங்கயற்கண்ணி. ஒரு சிறிய நகராட்சியில் கிளை நூலகர். சனிக்கிழமை தோறும் நூலக வராந்தாவில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு தகவல் உண்மையா பொய்யா என்று எப்படிப் பார்ப்பது, எங்கே தேடுவது என்று சொல்லிக்கொடுப்பார்.

இதேபோல ஒரு கூட்டத்தில் வேறொரு ஊர் நூலகர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். "உங்க தகவல் பலகையில ஒரே ஒரு பொய்யை எழுதி ஒட்டுங்க. எது பொய்னு எந்தப் பிள்ளை கண்டுபிடிக்குதோ, அதுக்குப் பரிசு."

நல்ல யோசனைதானே? உங்களில் சிலர் இப்போதே குறித்துக்கொள்கிறீர்கள்... கொஞ்சம் பொறுங்கள்.

அங்கயற்கண்ணி ஊருக்குத் திரும்பினார். பலகையில் 'நம் ஊரை அறிவோம்' என்ற தலைப்பில் சில தகவல்களை எழுதினார். எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. பொய் ஒன்று இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை, பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார். அந்த ஒன்று என்ன? 'நம் கடைவீதி மணிக்கூண்டில் இன்று ஒலிக்கும் மணி, பழைய பீரங்கியை உருக்கிச் செய்தது.'

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்? அந்த மணிக்கூண்டில் மணியே கிடையாது! மின்சாரக் கடிகாரம் வைத்தபோதே மணியை இறக்கிவிட்டார்கள். 'டங்... டங்...' என்று வருவது ஒலிபெருக்கியில் போடும் சத்தம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒலிபெருக்கி தெரியும். புத்தகம்கூட வேண்டாம். கழுத்தை நிமிர்த்தினால் போதும்.

கண்டுபிடித்தார்களா?

ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பள்ளியில் காலை வணக்கத்தில் வாசித்தார்கள். ஆட்டோக்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் சொன்னார்கள்: "பீரங்கி மணி சார், கேட்டுக்கோங்க!" கடைசியில் கவுன்சிலர் தனபால் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"மேடம், பிரமாதம்! நம்ம ஊருக்கு இப்படி ஒரு பெருமை இருக்குன்னு எனக்கே தெரியல. கல்வெட்டு அடிக்கச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை திறப்பு. மேடையிலேயே உங்க சிறுவர் அறையையும் அறிவிச்சிடறேன்."

சிறுவர் அறை! அதற்காக அங்கயற்கண்ணி எத்தனை மனு எழுதியிருக்கிறார், எத்தனை வாசலில் நின்றிருக்கிறார்... மழை பெய்தால் வராந்தாவில் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது. அந்த அறை இப்போது கைக்கு எட்டும் தூரத்தில்.

அவர் சொன்னார்: "சார், அது பொய். பிள்ளைங்களுக்குப் பயிற்சிக்காக நான் எழுதினது."

தனபால் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மேடம்... இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப விடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்? ஊருக்குப் பெருமைதானே? பிள்ளைங்களுக்கு அறை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா அந்த அறையில உக்காந்து நான் எதைச் சொல்லிக்கொடுக்கறது?"

தனபால் எழுந்து போனார்.

மறுநாள் சனிக்கிழமை. அங்கயற்கண்ணி பிள்ளைகளை வரிசையாகக் கடைவீதிக்கு நடத்திக்கொண்டு போனார். மணிக்கூண்டுக்குக் கீழே நிறுத்தினார். "மேல பாருங்க. என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க."

பார்த்தார்கள். ரெபேக்கா என்று ஓர் ஆறாம் வகுப்புப் பெண், முதலில் கத்தியது அவள்தான்: "ஐய! மணியே இல்ல. ஸ்பீக்கர்!"

ஒரே சிரிப்பு. பிறகு... சிரிப்பு அடங்கியது. ரெபேக்கா திரும்பினாள்.

"மேடம், நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

"ஆமா."

"பொய்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்." ஏன் எழுதினார் என்று ஒளிக்காமல் சொன்னார். "நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு காத்திருந்தேன். யாருமே வரலன்னதும் நானே எடுத்திருக்கணும். அது என் தப்பு."

பிள்ளைகள் முகம் வாடிப்போனது. ஒருத்தி, "எங்க டீச்சர்கிட்ட சண்டை போட்டு உண்மைன்னு சொன்னேனே!" என்று அழுதாள். ரெபேக்கா அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னைக்கு எழுதினது பொய்னா, இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு எப்படி நம்பறது?"

கடைவீதியில், எல்லோர் முன்னாலும், ஒரு சின்னப் பெண்! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அங்கயற்கண்ணி சொன்னார்: "நம்பாதே. எப்படிக் கண்டுபிடிப்பே, சொல்லு."

"கடையில கேக்கலாம்... வேணாம், அவங்களும் பீரங்கின்னுதான் சொல்லுவாங்க. கடிகாரம் ரிப்பேர் பண்றவர மேல ஏறிப் பாக்கச் சொல்லணும்."

அழைத்தார்கள். அவர் ஏறிப் பார்த்துவிட்டு மேலேயிருந்தே சத்தம் போட்டார்: "இங்க ஒயருதான் இருக்கு பாப்பா!" அந்தக் கேள்வியையும் பதிலையும் கடைவீதியே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டுத் திறக்கப்படவில்லை. சிறுவர் அறையும் அறிவிக்கப்படவில்லை. இன்றைக்கும் அந்த வகுப்பு வராந்தாவில்தான் நடக்கிறது. மனு எழுதுவதை அவர் விடவில்லை.

நண்பர்களே, அந்தப் பிள்ளைகள் முட்டாள்களா? இல்லை. நூலகத்தில் எழுதியிருந்தது, நம்பினார்கள். அப்படி நம்பச் சொல்லிப் பழக்கியது யார்? நாம். பத்திரிகைக்காரனான நானும்தான். தேடத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கிவிட்டோம். நம்மையே சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கினோமா? அந்த யோசனையைக் குறித்துக்கொண்டவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பொய்யை ஒட்டும் அன்றே, அதை எடுக்கும் நாளையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்றாவது ஒரு பிள்ளை உங்கள் மேசைக்கு முன்னால் வந்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். முகம் சுளிக்காதீர்கள். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று அதட்டாதீர்கள். எழுந்து, அந்தப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள்.