சிலம்பு யார் கைக்கு

— துவாயில சுத்தாத, தம்பி. கண்ணகை அம்மன்ர சிலம்பு அது. பட்டுத்துணிய எடு.

— அப்ப தாறீங்களா, அக்கா?

— தாறனெண்டு சொன்னனா? சுத்துற முறையச் சொன்னன்.

— நாளைக்கு ஃபிளைட். சுவிஸ்ல எங்கட ஆக்கள் கோயில் கட்டியிருக்கினம். அங்க வச்சுக் கும்பிடலாம்.

— 'கட்டியிருக்கினமாம்!' பொண்டாட்டிர யாழ்ப்பாணக் கதையும் தொத்திட்டுது உனக்கு.

— நக்கல விடுங்க. மகள் கவிஷாக்குப் பதினாறு வயசு. வீட்டிலயும் ஜெர்மன்தான் கதைக்கிறாள். இது அவள்ட கையில இருந்தாலாவது, தான் ஆரெண்டு விளங்கும்.

— மனே, இது தாய்ர கையால மகள்ர கைக்குப் போறது. நம்மட ஊரில குடி தாய்வழியாத்தான்; உன்ட மகள் அவள்ர தாய்ர பக்கம். எங்கட குடி இல்லயே.

— தாய் யாழ்ப்பாணம். அங்க இப்பிடிக் குடி பாக்கிறேல்ல. அப்ப என்ட பிள்ளை எங்கதான் சேருறது?

— எனக்கென்னடா தெரியும்.

— உங்களுக்கு மகள் இல்ல. மகன் மதுரனும் கட்டார்ல வேலை. உங்களுக்குப் பிறகு ஆர் வச்சிருக்கிறது?

— அத நினைச்சித்தான் எனக்கும் நித்திரை வாறல்ல. ஆனா வைகாசிச் சடங்குக்குக் கோயிலால மேளத்தோட வருவாங்க, இந்த வாசல்ல இருந்து சிலம்ப ஏந்திட்டுப் போக. அண்டைக்கு நான் என்ன சொல்ற? அம்மாள் பிளேன் ஏறிட்டாவெண்டா?

— வெள்ளியில புதுசு ஒண்டு செய்விச்சுத் தாறன்.

— அந்தப் புதுச நீ கொண்டு போறதுதானே!

— புதுசெண்டா அவளுக்கு அது வெறும் கொலுசு, அக்கா. இது எங்கட அம்மா ஏந்தினது.

— பிள்ளைய ஒருக்கா கூட்டிட்டு வந்து காட்டியிருக்கலாமேடா.

— அடுத்த வருசம், அடுத்த வருசமெண்டு... லீவு கிடைக்கேல்ல, அவளுக்குப் பள்ளிக்கூடம். அப்பிடியே போய்ட்டுது. இனி நானும் வருவனெண்டு இல்ல. முழங்கால் ஏலாது. அதான், இதையாவது கொண்டுபோய்க் குடுப்பமெண்டு.

— சிலம்ப இங்க தா, தம்பி.

— விடுங்க. உங்களுக்கு மனமில்ல.

— மனமிரிந்திச்சிடா. முந்தநாள் வரைக்கும் இரிந்திச்சி. குடியாவது ஒண்டாவது, குடுத்துடுவமெண்டு பட்டுங்கூட எடுத்து வச்சிட்டன்.

— மறுகா என்ன நடந்த?

— நீ கிணத்தடியில குளிக்கக்குள்ள போன் வந்திச்சி. உன்ட மகள். பாடமாக்கி வச்சிரிந்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாச் சொன்னாள்: "மாமி, அத அப்பாக்குக் குடுக்காதீங்க. அது இங்க வந்திட்டா, அப்பா என்னை உங்கட்ட கூட்டிட்டு வரவே மாட்டார்."